உனக்கென்று எடுத்து வைத்த ஜெலாட்டோ

அன்புள்ள வாலுக்கு,

இங்கே வீட்டில் எல்லாரும் சுகம், என் வலப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஈரத்தலையோடு வெளியே போகாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும். போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் எனக்குக் கோபம் ஏறும் இடம் பார்த்து நீ ஒரு ஜோக் அடிப்பாய், நான் சிரித்துத் தொலைப்பேன், கோபம் வீணாகிவிடும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. விஷயம் இதுதான், உனக்கென்று எடுத்து வைத்திருந்த ஜெலாட்டோவை, அதுதான் அந்த இத்தாலி ஐஸ்கிரீமை, நான் தின்றுவிட்டேன். உட்கார்ந்து, நிதானமாக, டப்பாவின் அடி தெரியும்வரை தின்றேன். வருத்தம் இல்லை.

நீ வேலைக்கென்று புறப்பட்டுப் போன வருஷம், விடுமுறைக் காலத்துக்கு மட்டும் கடையில் வருமே, ஆரஞ்சுத்தோலும் பட்டையும் போட்டது, அதில் ஒரு டப்பா எடுத்து வை, லீவுக்கு வந்து தின்கிறேன் என்றாய். நீ வரவில்லை, ஃப்ரீசர் பழுதாகி அந்த டப்பா கூழாகிப் போனது. அடுத்த வருஷமும் அதே வாக்கு, அதே ரகத்தில் புது டப்பா. நானும் ஃப்ரீசரில் அதற்கொரு சிம்மாசனம் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பட்டாணிப் பொட்டலத்தையெல்லாம் ஓரம் கட்டிக் காவல் காத்தேன். மின்சாரம் போனால் மற்ற வீடுகளில் மெழுகுவர்த்தி தேடுவார்கள், நான் டப்பாவுக்குச் சுற்றக் கம்பளி தேடுவேன். உன் அப்பா அதற்கு மகாராணி என்று பேர் வைத்தார். இந்த வருஷமும் புதுசு வாங்கி வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, "இந்தத் தடவையும் லீவு கிடைக்கலம்மா, நீ எடுத்து வை, அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துடறேன்" என்றாய். நானும் சரி கண்ணு என்று போனை வைத்துவிட்டு, புது மகாராணிக்கு இடம் பண்ணுவதற்காக, போன வருஷத்து டப்பாவை வெளியே எடுத்தேன். கனம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஒட்டியது கண்ணாடி டேப், இதில் இருந்ததோ கறுப்பு டேப், ஒயருக்குச் சுற்றுவது. இந்த வீட்டில் அது யார் பையில் இருக்கும் என்று சொல்ல ஜோசியக்காரர் தேவையில்லை.

திறந்தால் உள்ளே வெறும் ஐஸ்கட்டி. தின்று தீர்த்துவிட்டு, டப்பா நிறையத் தண்ணீர் ஊற்றி உறைய வைத்திருக்கிறார் உன் அப்பா. ஃப்ரீசரைத் துடைக்கும்போது நான் தூக்கிப் பார்ப்பேன் என்று தெரிந்து, எடை குறையக் கூடாதென்று செய்த ஏற்பாடு. லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான், ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் பாரம் வைத்துச் சரிக்கட்டிவிடுவார். கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டே, "ரொம்ப நாள் வெச்சா கெட்டுடுமேன்னுதான். அவ வர்றப்ப புதுசு வாங்கி மாத்திடலாம்னு இருந்தேன்" என்றார். எப்படி இருந்தது என்று கேட்டேன், சண்டைக்குத்தான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஏன், நீ சாப்பிட்டதே இல்லியா?" என்றார். அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் காவல் காத்தவளுக்கு அது தித்திக்குமா துவர்க்குமா என்றே தெரியாது. வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவராவது மாதச் சம்பளம் வாங்குகிறார். புது டப்பாவை மேசைமேல் வைத்து மூடியைப் பிய்த்தேன்.

அந்த நேரம் பார்த்து உன் அத்தை கத்தி இரவல் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். அண்ணிக்கு மூக்கில் வாசனை எட்டினால் போதும், கால் தானாக வரும். "ஏம்மா, புள்ளைக்குன்னு எடுத்து வெச்சத பெத்தவளே திங்கறதா, வயசாக ஆக நாக்கு நீளுதே" என்றார். "நாக்கு அதே அளவுதான் அண்ணி, பொறுமைதான் சுருங்கிடுச்சு" என்றேன். உன் அப்பா மெதுவாக என் பல்லை ஞாபகப்படுத்தினார். எங்கள் பல் டாக்டர் அப்போதுதான் அதை அடைத்துவிட்டு, ஒரு வாரம் குளிர்ச்சி ஆகாது என்றிருந்தார். அதே வாசகத்தைக் கிளினிக் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பவள் நான்தான். ஒப்பிக்கிறவளுக்கு ஒரு சலுகை இல்லையென்றால் அப்புறம் அதென்ன உத்தியோகம்.

ருசியைச் சொல்கிறேன். முதல் கரண்டி, சோப்பு. சத்தியமாக ஆரஞ்சு வாசனைக் குளியல் சோப்பு. இதற்கா இத்தனை கம்பளி என்று நினைத்தேன். இரண்டாவதில் பட்டை மெல்லத் தொண்டையில் ஏறி, ஜில்லிட்ட வாய்க்குள் எங்கிருந்தோ ஒரு சூடு வந்தது. மூன்றாவதில் பல் சுரீரென்றது, இடப்பக்கம் மாற்றிக்கொண்டேன். சாதாரண ஐஸ்கிரீம் போலப் பொசுக்கென்று கரையவில்லை, நாக்கில் கெட்டியாக உட்கார்ந்துகொண்டு போ என்றால் போக மறுத்தது, அப்படியே என் குணம். நடுநடுவே தோல் துணுக்கு சிக்கிக் கசந்தது, அந்தக் கசப்புதான் அடுத்த கரண்டிக்குக் கையை இழுத்தது. அப்பாவுக்குக் கொடுக்கவில்லை, அவர் பங்கு போன வருஷமே ஜீரணமாகிவிட்டது. அண்ணி, "உப்பு பாக்கற மாதிரி ஒரு வாய்" என்று ஆரம்பித்து நாலு வாய் தின்று, பிள்ளை பாவம் என்று மறுபடி ஒருமுறை சொல்லி, கேட்க வந்த கத்தியை மறந்து மேலே போனார். மறுநாள் கன்னத்தில் கையை வைத்தபடி வேலைக்குப் போனேன். டாக்டர் வாயைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை, "என்ன ஃப்ளேவர்?" என்றார்.

ஆகவே இனிமேல் உனக்காக எதையும் உறைய வைப்பதாக இல்லை. அந்த இடம் பட்டாணிக்குப் போய்விட்டது. நீ வரவில்லை என்று கோபம் இல்லை, நானும் லீவு கேட்டுக் கைகட்டி நிற்கிறவள்தான். ஆனால் எடுத்து வை என்று சொன்னதும் உனக்கு வந்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது, எடுத்து வைத்ததும் எனக்கு நீ வந்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு பேருமாகச் சேர்ந்து, நீ வருகிற வேலையை அந்த டப்பாவின் தலையில் கட்டிவிட்டோம். இந்த ஆட்டத்துக்கு நான் இனி வரவில்லை. வருகிறாய் என்றால் தேதி சொல். முடியாது என்றால் முடியாது என்று மட்டும் சொல், அழமாட்டேன், கடைக்குப் போவேன்.

நோய்நொடி இல்லாமல், மேலதிகாரி தொல்லை இல்லாமல் நூறு வயசு இரு, அதில் ஒரு வாரத்தையாவது இங்கே வந்து இரு. டாக்டரிடம் பல்லைக் காட்டிக்கொள், ஓட்டை சின்னதாக இருக்கும்போதே அடைத்துவிட வேண்டும். தலையைத் துவட்டு.

இப்படிக்கு,
ஒரு பல்லில் வலியும் மற்றப் பல்லெல்லாம் சிரிப்புமாக,
உன் அம்மா

பி.கு.: உறையை ஒட்டும் முன் பட்டாணி எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். பின்னால் மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி ஒரு புது டப்பா. மறந்துபோன கத்தியை வாங்கும் சாக்கில் மறுபடி வந்த உன் அத்தையின் வேலை. கேட்டால், "எனக்கென்ன தெரியும்" என்று கூரையைப் பார்க்கிறார். அதை நான் வெளியே எடுத்துப் போடவில்லை. நடுவில் ஒரு கரண்டி தோண்டித் தின்றுவிட்டு மூடி வைத்திருக்கிறேன். நீ வந்து திறக்கும்போது ஒரு பள்ளம் இருக்கும், அப்பா மேல் பழி போடாதே, அது என்னுடையது. நீ தாமதிக்கத் தாமதிக்க இன்னும் ஆழமாகும்.