மூன்று பேர் சொன்ன செய்தி

புதன்கிழமை, காலை

என் வாயாடிக்கு,

நான் அனுப்பிய பதிவுத் தபால் திங்கட்கிழமை பகல் உன் கைக்குக் கிடைத்துவிட்டது. சற்று முன் தபால்காரர் தந்த ஒப்புகை அட்டையில் உன் கையெழுத்து இருக்கிறது. ஆகவே, "அந்த ஆளோடு சுற்றத்தான் பயிற்சி என்றால் அங்கேயே இருந்துகொள்" என்ற வரியை நீ படித்திருப்பாய். அன்று மாலையிலிருந்து நீ போனை எடுப்பதில்லை.

ஒருவர் சொன்னால் வதந்தி, தொடர்பில்லாத மூவர் சொன்னால் செய்தி என்று புதிய நிருபர்களுக்கு இருபத்தாறு வருடமாகப் பாடம் எடுக்கிறவன் நான். எனக்கும் மூன்று பேர் சொன்னார்கள். முதலில் எங்கள் புகைப்படக்காரர். "என்னப்பா, உங்க வீட்டம்மா அங்க தினமும் யார் வண்டியிலயோ வந்து இறங்குறாங்களாமே?" என்றார். அடுத்து என் அக்கா. "ஏன்டா, உன் பெண்டாட்டி அங்க என்ன பண்றான்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று போனில் பொரிந்தாள். மூன்றாவது, நீ ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போயிருக்கும் ஊரிலேயே குடியிருக்கும் உன் சித்தி மகள். அவளை நானே கூப்பிட்டுக் கேட்டேன். "நான் பாக்கல அத்தான். ஆனா அப்படித்தான் பேசிக்கிறாங்க" என்று இழுத்தாள். அவள் பார்க்கவில்லை என்றது என் காதில் ஏறவே இல்லை. அன்றே எழுதிப் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதான், எந்தச் செய்திக்கும் முதலில் செய்கிற வேலையைச் செய்தேன். "உனக்கு யார் சொன்னது?" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். உன் சித்தி மகளுக்குச் சொன்னது என் அக்கா. அக்காவுக்குச் சொன்னது புகைப்படக்காரரின் மனைவி. புகைப்படக்காரரை ஆபீஸ் கேண்டீனில் பிடித்தேன். டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யோவ், நீதானய்யா சொன்ன! ஒரு பொம்பளை தினமும் ஒரே ஆளோட வண்டியில வந்து இறங்கினா என்ன அர்த்தம்னு கேட்டியே. உன் மூஞ்சியைப் பாத்ததும் யாரைச் சொல்றேன்னு புரிஞ்சுபோச்சு" என்றார்.

கேட்டது உண்மைதான். மழையில் பஸ் வரவில்லை, எக்ஸ்ரேக்காரர் விடுதி வரை கொண்டுவந்து விட்டார் என்று நீ எழுதியிருந்தாய். ஒரே ஒரு நாள். அதைத் தினமும் ஆக்கியது நான்.

ஞாயிற்றுக்கிழமையே உன்னைக் கூப்பிட்டு, கடிதம் வந்தால் பிரிக்காதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படித்துவிட்டு நீ என்ன சொல்வாய் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. இதற்கு மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

செய்தி பொய் என்று தெரிந்த பிறகும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. உன் நான்கு கடிதங்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த மனிதர் பதினோரு இடத்தில் வருகிறார். ரத்தப் பரிசோதனை மெஷின் மக்கர் செய்தபோது அவர் ஏதோ சொல்ல, நீ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாயாம். என்ன சொன்னார் என்று எழுதவில்லை. நான் சொல்லி நீ கடைசியாக அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்தேன். நினைவில்லை. அவர் மேல் எனக்கிருக்கும் வழக்கு இவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி உன்னை நிரந்தரமாக இருக்கச் சொல்லியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நீ பதில் தர வேண்டும். மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவதாகப் போன மாதம் எழுதியிருந்தாய். இப்போது என்ன முடிவில் இருக்கிறாய் என்று தெரியவில்லை. அக்காவிடமோ உன் சித்தி மகளிடமோ கேட்டுப் பார்க்கவும் போவதில்லை.

இது கூரியரில் நாளை உனக்குக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மேல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வருவதானாலும், வராமல் இருப்பதானாலும், திட்டுவதானாலும் நீயே பேசு. வேலை பிடித்திருக்கிறது, இருக்கிறேன் என்றால் கேட்டுக்கொள்கிறேன். அந்த எக்ஸ்ரேக்காரர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசினால் போதும்.

நல்லா இரு.

உன் வீட்டுக்காரன்