ஓட்டை இல்லாத தோல்

இன்று பட்டணத்தில் ஒரு செருப்புக் கடை. கடைக்காரர் ஒரு தோலை உதறி வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். "பாருங்க சார், ஓட்டை இல்லை." உன் கையும் அப்படித்தான் உயரும். செருப்பு வாங்காமல் அறைக்கு வந்துவிட்டேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிப்பது உன் வேலை. உண்ணிக் கடி, கத்திக் கீறல், முள் குத்திய துளை, எதுவும் உன் கண்ணுக்குத் தப்பாது. ஓட்டை இருந்தால் கழிவு. இல்லாவிட்டால் முதல் தரம். உலகத்தையே அப்படி இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தாய்.

ஐரோப்பாவில் சண்டை நடந்த காலம். பட்டாளத்துக்கு மார்க்கவசம் செய்து விற்க முதலாளிக்கு ஆசை வந்தது. இரண்டு எருமைத்தோல், நடுவில் இரும்புத் தகடு. அது தேறினால் உனக்கு மேஸ்திரி வேலை என்று சொல்லியிருந்தார். விடுமுறைக்கு வந்திருந்த என்னை நீதான் கூட்டிப்போனாய். "வா தோஸ்த், தமாஷ் பாக்கலாம்."

பதனிட வைத்திருந்த ஆவாரம்பட்டை மூட்டைகள்மேல் கவசங்களைக் கட்டிச் சுட்டார்கள். கைத்துப்பாக்கியின் ஈயம் நசுங்கித் தோலில் ஒட்டிக்கொண்டது. ரைபிளின் கூரான குண்டு தோல், தகடு, மூட்டை எல்லாவற்றையும் துளைத்துப் போனது. "ரைபிள தூரத்துல இருந்துதானே சுடுவான்," என்று முதலாளி அந்தக் கவசத்தை ஓரமாகப் போடச் சொன்னார். கடைசியாகக் காட்டுப்பன்றி சுடும் நாட்டுத் துப்பாக்கி. நெல்லிக்காய் அளவு ஈய உருண்டை. தகடு உள்ளே குழிந்தது. துளை விழவில்லை.

ஆனால் பின்னால் மூட்டை வெடித்துப் பட்டை கொட்டிக் கிடந்தது.

"இது இன்னாடா?" என்றேன்.

"மூட்டை பழசு," என்றாய். "காலேஜ்ல மூட்டையத்தான் பாக்கச் சொல்லித் தர்றாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். நீ கவசத்தை வெயிலுக்கு உயர்த்தினாய். "மொதல் தரம்."

மறுவாரம் வந்த வெள்ளைக்காரத் தரகர் உதட்டைப் பிதுக்கினார். மூட்டையைச் சுட்டுக் காட்டினால் நம்ப மாட்டாராம். முதலாளி சுற்றிலும் பார்த்தார். யாரையும் கேட்கவில்லை. நீயே கவசத்தை மாட்டிக்கொண்டாய். "நான் பிரிச்ச தோலு. எனக்கு இன்னா பயம்?"

அதே நாட்டுத் துப்பாக்கி.

விழுந்தாய். எழுந்தாய். சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை. தரகர் கைதட்டினார். "வாய்யா மேஸ்திரி," என்றார் முதலாளி.

மாலைக்குள் ரத்த வாந்தி. வேலூர் ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றினோம். காட்பாடி வருமுன் பேச்சு நின்றது, பிறகு மூச்சும்.

முதலாளி வந்து துணியை விலக்கிப் பார்த்தார். மார்பு முழுக்கக் கருநீலம். விரலால் தடவினார். "தோல்ல ஒரு ஓட்டை கூட இல்லியே," என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அவரைத் திட்ட வாயெடுத்தேன். துணியைத் திரும்ப இழுத்து மூடினேன். அது நீ பார்க்கும் பார்வை. அந்தப் பார்வையில் நீ முதல் தரம்.

அந்தக் கவசம் இப்போது அவருடைய ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. குழியைத் தொட்டுப் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம்.

இன்று கடைக்காரர் தோலைத் தூக்கிப் பிடித்தபோது என் கால் தானாக நகர்ந்தது. அவரைச் சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் போய் நின்றேன்.

"பின்னாடி இன்னா சார் தேடறீங்க?"

எதைக் காட்டினாலும் பின்பக்கம் போகிறேன். உன் சாவிலிருந்து எனக்கு வந்தது இந்தப் பழக்கம் ஒன்றுதான். உனக்கு உதவாத பழக்கம்.