சூரைச்செடிக்கு அடியில் உட்கார்ந்தவர்

அன்புள்ள தானியேல் அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை என் வேட்டி பின்பக்கமாக நீளத்துக்குக் கிழிந்துபோனது. மேச்சேரிப் பக்கம் ஒரு மேய்ச்சல் காட்டில், சூரை முள்ளுப் புதருக்கு அடியில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று நுழைந்தேன். நுழைய முடிந்தது, வெளியே வர முடியவில்லை. ஆடு மேய்த்த அம்மாதான் தொரட்டியால் கிளையை விலக்கிவிட்டார். "ஏனுங்க, ஆடே தலைய மட்டுந்தானுங்க நீட்டும். நீங்க முழுசாப் போயிட்டீங்களே" என்றார். வேதத்தில் ஒருவர் இதன் கீழ் உட்கார்ந்தாராம் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

எல்லாம் நம் பழைய வாக்குவாதத்துக்காகத்தான். நீங்கள் படுக்கையில் கிடந்த கடைசி மாதம், அந்தத் தீர்க்கதரிசியின் கதையைச் சொன்னீர்கள். உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடியவர், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என்னை எடுத்துக்கொள் என்று கடவுளிடம் கேட்டார் என்றீர்கள்.

நான் உடனே மரத்தைப் பிடித்துக்கொண்டேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற தச்சன் அல்லவா? பத்தாவதில் தவறினாலும் மரத்தில் தவறமாட்டேன் என்ற திமிர்.

"சூர முள்ளுக்கு அடியில எவனுங்க உக்காருவான்? எழுதுனவரு மரத்த மாத்திப்புட்டாருங்க" என்றேன்.

"ஏஞ் செங்கோடா, சாகோணும்னு போனவரு நெழலா பாப்பாரு?" என்று சிரித்தீர்கள்.

இப்போது சேதி கேளுங்கள். என் மூத்த மகள் கல்லூரியில் செடிகொடிதான் படிக்கிறாள். வேதம் முதலில் எழுதப்பட்ட எபிரெயத்தில் இருப்பது நம்மூர்ச் சூரையே இல்லையாம். துடைப்பத்தை நட்டுவைத்த மாதிரி நிற்கிற பாலைவனச் செடியாம். இலை கொஞ்சம், பூ வெள்ளை, முள்ளே கிடையாது. தமிழில் எழுதியவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார், நம் காட்டில் நிற்பதை வைத்துவிட்டார் போல என்கிறாள். ஆக, மரம் மாறியது உண்மை, நான் சொன்னது சரி. அவர் உட்கார்ந்ததும் உண்மை, நீங்கள் சொன்னதும் சரி.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. சரியாக நிழல்கூட விழாத ஒரு செடியின் பெயரை ஏன் அத்தனை கவனமாக எழுதிவைத்தார்கள்? ஒரு மரத்தடி என்றால் போதாதா? இதை யாரிடம் கேட்பேன்?

நேற்று உங்கள் வருட நினைவு ஜெபம். அண்ணி என்னையும் பேசச் சொன்னார். வேட்டிக் கதையைச் சொன்னேன். போதகர்கூடச் சிரித்துவிட்டார். முடிந்ததும் அண்ணி வாசலுக்கு வந்தார்.

"அந்தக் கதைய எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலீங்களே. வேற என்னுங்க சொன்னாரு?"

"ஒண்ணுமில்லீங்க அண்ணி. மரத்தப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்."

இனி ஞாயிறுதோறும் உங்கள் வீட்டுக்கு வருவேன் அண்ணா. அண்ணியை வேதம் வாசிக்கச் சொல்லி, அதில் வருகிற ஒவ்வொரு மரத்தையும் விசாரிப்பேன்.

அண்ணியிடம் சொல்லாதது இதுதான். அன்றைக்கு நீங்கள் உங்களைப் பற்றித்தான் சொன்னீர்கள் என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
செங்கோடன்