விழுகிறவளைப் பிடிக்கும் இடம்

பாப்பா,

இன்று காலை பக்கத்து வீட்டில் பப்பாளி இலை இடித்தார்கள். சமையலறை ஜன்னல் வழியாக அந்தப் பச்சைக் கசப்பு வாசனை உள்ளே வந்தது. நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். கையில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மூன்று நாளாக டிங்கிக் காய்ச்சல்.

இப்போதெல்லாம் நான் யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்வதில்லை. இதற்கு மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு போய் கேட் பக்கத்தில் நின்றேன். "அக்கா, காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனமா பாக்கணும். நெத்தி ஜில்லுன்னு இருக்குன்னு வெளிய அனுப்பிடாதீங்க" என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார். உனக்கு நடந்தது இந்தத் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரியும்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. காய்ச்சல் விட்ட அன்றைக்கு நீ எதற்காக வேலைக்குப் போனாய் என்பது. ஒரு வருஷம் எனக்கும் தெரியாது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் தெரிந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் வேலை என்னவென்றே எனக்கு வெகு நாள் புரியவில்லை. நம் கிள்ளானில் ரயில் ஏறுகிறாய், சென்ட்ரலில் இறங்குகிறாய், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாய். அவ்வளவுதான் தெரியும். வெளிநாட்டுக் கம்பெனிக்காக சூப்பர் ஹீரோ கேம் செய்கிறோம் என்று நீ சொன்னபோது, இதற்கா சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. அந்த ஹீரோவின் முகத்தை வரைவது வேறு ஆட்கள், ஊரைக் கட்டுவது வேறு ஆட்கள் என்றாய். அவன் எப்படிக் குதிக்கிறான், எப்படி இறங்குகிறான், அடித்தால் பொத்தானை அமுக்குகிறவர் கைக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் உன் வேலை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் கறி சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்த என்னிடம் கேம் விளையாடுகிற அந்தக் கருப்புக் கன்ட்ரோலரைக் கொடுத்தாய். ஆபீஸில் கேட்டுவிட்டுத்தான் எடுத்து வந்தேன் என்றாய். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு இது எதற்கு என்று நான் சிரித்தேன்.

"ஆபீஸ்ல எல்லாரும் சின்ன வயசுலேர்ந்து விளையாடுறவங்கம்மா. அவங்க கைக்குப் பழகிப்போச்சு. உன் கைக்கு ஒண்ணும் தெரியாது லா. அதான் எனக்கு வேணும்" என்றாய்.

ஒரே ஒரு சட்டம் போட்டாய். நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லக் கூடாது. அதை வைத்துக்கொண்டு உன்னால் ஒன்றும் செய்ய முடியாதாம்.

நான் அவனைச் சுவரில் மோதினேன். கடலில் விட்டேன். "அவன் பறக்குறவன்மா, நீ லோரி ஓட்டுற மாதிரி ஓட்டுறியே" என்று நீ சோபாவில் உருண்டு சிரித்தாய். ஆனால் நான் வாயைத் திறந்தால் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக்கொள்வாய். அமுக்கின உடனே மேலே போய்விடுகிறான், காற்றில் போன பிளாஸ்டிக் பை மாதிரி இருக்கிறான் என்றேன். அடுத்த வாரம் மூன்று விதமாகச் செய்து கொண்டுவந்தாய். எது எது என்று சொல்லாமல் விளையாட விட்டாய். ஒன்றில் அவன் ரொம்ப நேரம் குனிந்தான். நான் அமுக்கியும் அவன் கேட்கவில்லை என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஒன்றில் கண் சிமிட்டும் நேரம் குனிந்து, தரை வெடித்துத் தூசி பறக்க எழும்பினான். அப்போது என் தோள் தானாக மேலே போனது. நீ திரையைப் பார்க்கவில்லை. என் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடி விழுந்ததும் எல்லாம் ஒரு நொடி அப்படியே நிற்கிறதே, அது மட்டும் கைக்குத் திருப்தியாக இருந்தது. சொன்னேன், எழுதிக்கொண்டாய். இன்னொரு நாள், இவ்வளவு பெரிய ஆள் தலைக்கு மேல் பறக்கிறான், தெருவில் ஒருத்தர்கூட அண்ணாந்து பார்க்கவில்லையே என்று கேட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்தத் தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் கை காட்டினார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பெருமையை உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் மட்டும் நாலு பேரிடம் சொன்னேன். உன் ஆபீஸில், சந்தேகம் வந்தால் 'கிள்ளான்ல குடுத்துப் பாரு' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம். நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

ஒரு தடவை மட்டும் நீ சிரிக்காமல் பதில் சொன்னாய். சுட்டாலும் சாகமாட்டேன் என்கிறான், விழுந்தாலும் எழுந்திருக்கிறான், அப்புறம் நான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். முழு ஆபீஸுக்கும் அதுதான் தலைவலி என்றாய்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. மத்தவங்களுக்கு ஆகும். அவங்க கிட்ட நேரத்துக்குப் போய்ச் சேரணும். அதான் கேம்."

அப்படி ஒரு இடத்தைத்தான் நீ கடைசியாகச் செய்துகொண்டிருந்தாய். எரிகிற கட்டடத்தின் ஜன்னலிலிருந்து ஒரு பெண் விழுவாள். அவன் ஊர் முழுக்கப் பறந்து வந்து, கீழே இறங்கி நின்று, இரண்டு கையிலும் அவளை ஏந்த வேண்டும். முதல் தடவை நான் பிந்திவிட்டேன். திரை இருண்டது. நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். திரும்ப வருவா, அமுக்கும்மா என்று கெஞ்சினாய். எனக்கு அமுக்க மனம் வரவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் அமுக்கினேன். இந்த முறை போய்ச் சேர்ந்தேன். அவள் அவன் கையில் வந்து விழுந்தாள்.

எப்படிம்மா இருக்கு என்று கேட்டாய்.

ஒன்றும் இல்லை என்றேன். பஞ்சு தலையணை வந்து விழுந்த மாதிரி இருக்கிறது. இவ்வளவு பதறிக்கொண்டு ஓடி வந்து கையில் ஒன்றுமே வரவில்லை என்றேன்.

உன் முகம் வாடியது. ஆனால் நாளெல்லாம் ஆள் தூக்குகிற எனக்கு அந்தக் கனமில்லாத பிடி பொறுக்குமா? படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு என்று பதினைந்து வருஷமாகத் தூக்குகிறேன். "ஆள் கையில வந்தா பிடிக்கிறவளும் கொஞ்சம் கீழ போவாடி. எந்திரி, விழு, காட்டுறேன்" என்றேன். போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வீடியோ போட்டுவிட்டு, சோபா கைப்பிடியில் ஏறி நின்று பின்பக்கமாக விழுந்தாய். நான் ஏந்தினேன். என் கை இறங்கியது, முட்டி மடங்கியது. உன் உடம்பு சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

மறுநாள் காய்ச்சல். கிளினிக்கில் டிங்கி என்றார்கள், தினமும் வந்து ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தோம். பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாய். வெள்ளிக்கிழமை காலை நெற்றி குளிர்ந்திருந்தது. நீ தலை சீவிக்கொண்டு நின்றாய். இன்றைக்குத்தான் எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்க வேண்டும், போய்விட்டு சாயங்காலம் ரத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்றாய். நான் புறங்கையால் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் விட்டால் நோய் விட்டது என்றுதான் எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். போய்ட்டு வா என்றேன்.

மத்தியானம் ஆபீஸிலேயே மயங்கி விழுந்தாய். எனக்குப் போன் வந்தபோது நான் யாரோ ஒருத்தருடைய அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் இருந்தாய். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்பு நளினி வந்தாள். உன் பக்கத்து நாற்காலியில் வேலை செய்த, ரவாங் ஊர்ப் பெண். கேம் கடைக்கு வந்துவிட்டது, ஆன்டிக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று வந்தாள். எல்லாம் முடிந்ததும் கடைசியில் பெயர்கள் ஓடுகின்றன, அதில் உன் பெயர் இருக்கிறது என்று காட்டினாள். அதை இரண்டு தடவை பார்த்தேன். பிறகு அவளே உற்சாகமாக, உங்க வீடியோவைப் பாத்து அவ செஞ்ச இடம் இருக்கே, அதைப் பாருங்க ஆன்டி என்றாள்.

"அன்னிக்கு அவ வந்ததே இதுக்குத்தான் ஆன்டி. அம்மா சொல்லிட்டாங்க, இது சரியில்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. காலையில வந்து உக்காந்தவ சாப்பிடக்கூட எந்திரிக்கல. முடிச்சு அனுப்பிட்டுத்தான்…"

அவள் என்னைப் பாராட்டத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். அவள் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நளினி பொய் சொல்லத் தெரியாதவள். "பழைய மாதிரியே போயிருக்கும் ஆன்டி. யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றாள்.

எழுந்து போய்த் தேநீர் கலக்கினேன். சீனியை இரண்டு தடவை போட்டேன். அவள் அதை முழுதும் குடித்தாள். பிறகு நானே கன்ட்ரோலரைக் கேட்டு வாங்கினேன்.

கட்டடம் எரிந்தது. அந்தப் பெண் விழுந்தாள். நான் பறந்தேன், இந்த முறை சுவரில் மோதவில்லை. தெருவில் ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கீழே வந்து நின்று கையை நீட்டினேன். அவள் வந்து விழுந்ததும் கன்ட்ரோலர் என் உள்ளங்கையில் கனமாக உதறி அடங்கியது. சத்தம் ஒரு நொடி நின்றது. அவன் கை இறங்கியது. இடது முட்டி முதலில் மடங்கியது. வலது கால் கொஞ்சம் விலகிப் பக்கவாட்டில் போனது. என் வலது முட்டி மடங்காது, அது உனக்குத் தெரியும். மலையைத் தூக்குகிற அந்த ஆளுக்கு என் கெட்டுப்போன முட்டியை வைத்திருக்கிறாய்.

சரியாக இருந்தது பாப்பா. ஒரு ஆள் கையில் வந்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. தப்பாக இருந்திருந்தால் உன்னைத் திட்டிவிட்டு அழுதிருப்பேன். சரியாக இருந்ததால் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையை நீ எடுத்துக்கொண்டு போய், உன் கடைசி வேலை நாளை அதற்குக் கொடுத்துவிட்டு, அதைச் சரியாகவும் செய்து வைத்திருக்கிறாய். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்கிறாள் நளினி. நான் கவனித்தேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

நளினி கிளம்பும்போது, அடுத்த கேம் ஒன்று செய்கிறோம், ஞாயிற்றுக்கிழமையில் கொண்டு வரவா, முன்பு மாதிரி பார்த்துச் சொல்வீர்களா என்று கேட்டாள். இப்போது பார்த்ததில் ஏதாவது குறை இருந்தாலும் சொல்லுங்கள் என்றாள். அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. லேசாக இருமினாள்.

"நல்லா இருக்கும்மா. எல்லாம் நல்லா இருக்கு" என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து எனக்கு அந்த ஒரு பதில்தான். இல்லத்தில் புதுப் பெண் ஆளைத் தவறாகத் தூக்குகிறாள், பார்த்துக்கொண்டு போகிறேன். மேற்பார்வை பார்க்கும் அம்மா கேட்டாலும் நல்லா செய்கிறாள் என்கிறேன். என் வாயைக் கண்டு எனக்கே பயமாக இருக்கிறது.

ஆனால் கேமில் குறை ஒன்று இருக்கிறது. அன்றைக்கே பார்த்துவிட்டேன். விழுந்த பெண்ணை ஏந்தினவன் தரையில் நிறுத்துகிறான், நிறுத்தின உடனே கையை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறான். அப்படிச் செய்யக் கூடாது. தூக்குவது பாதி வேலைதான். கீழே வைத்த பிறகு, அவர்கள் கால் நிலைக்கும் வரைக்கும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று நமக்குத் தெரியாது, அவர்கள் உடம்புதான் சொல்லும். உன் வீடியோவில் அது இல்லை. நான் உன்னை நிறுத்தி வைக்கும் முன்பே என் கையிலிருந்து துள்ளி இறங்கி, போனை அணைக்க ஓடிவிட்டாய்.

இதை நளினியிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்ல மாட்டேன். என்னோடு இருக்கட்டும். உனக்கு மட்டும் எழுதுகிறேன். இதைக் கேட்ட உடனே பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓட உன்னால் இனி முடியாது.