டீத்தண்ணீரில் முக்கிய கவுன்

இன்று டாக்கீஸில் இடைவேளைக்கு மகள் டீ வாங்கி வந்தாள். திக்காகக் கொதித்த டிகாக்‌ஷன் வாசனை. அதை மூக்கருகே கொண்டுபோனேன். குடிக்காமலே வைத்துவிட்டேன்.

படம் நம் இளவரசி கதைதான், மூன்றாவது தடவையாக எடுத்திருக்கிறார்கள். விருந்தில் ஆட அவள் போட்டு வருகிற கவுன் இப்போது ஜிகினா வைத்த வெள்ளி நிறம். தோழி, நீ பார்த்திருந்தால், "ஒரு தையலாவது நேரா இருக்கா பாரு!" என்று முகத்தைச் சுளித்திருப்பாய்.

முதல் தடவை கறுப்பு வெள்ளை. மைசூர் ஸ்டுடியோவில் நீ தைப்பாய். நான் இஸ்திரி போட்டு நாயகிக்கு உடுத்திவிடுவேன். வெள்ளைத் துணி விளக்கொளியில் கூசும் என்று டீத்தண்ணீரில் முக்கி எடுப்போம். நேரில் பழுப்பு; திரையில் நிலா மாதிரி வெள்ளை. வருஷக்கணக்கில் அதையே செய்து கை பழகிவிட்டது.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. அதே கதையைக் கலரில் எடுத்தபோது பத்து நாள் உட்கார்ந்து வெள்ளை சாட்டினில் நீ கவுன் தைத்தாய். படப்பிடிப்பன்று காலை ஆறு மணிக்கு நான் அதை டீ வாளிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தேன். நீ உள்ளே வந்தாய்.

"அடிப்பாவி! இது கலர் படம்டீ!"

அலசினோம், அலசினோம், போகவில்லை. பத்து மணிக்கு ஷாட். நாயகிக்கு மாலை ரயில். என் கணவர் கால் உடைந்து மூன்று மாதமாகப் படுக்கை. இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"சும்னிரு கணே, சும்மா இருடி! அழுதா வெளுத்துடுமா? அடுப்பை மூட்டு" என்று அதட்டிவிட்டு கேன்டீனுக்கு ஓடினாய். ஒரு டப்பா மஞ்சள்தூளோடு வந்தாய். டீயின் பழுப்பும் மஞ்சளும் சேர்ந்து கவுன் தங்கமாக எழுந்தது. இரண்டு இஸ்திரிப் பெட்டியால் உலர்த்தினோம்.

நம் இருவர் கையெல்லாம் மஞ்சள். பயத்தில் நான் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்றுகூட நினைவில்லை. என் கை ரத்தச் சிவப்பாகிவிட்டது.

டைரக்டர் கத்தினார். "நான் சொன்னது வெள்ளை! இது யார் வேலை?"

நீ மஞ்சள் அப்பிய இரண்டு கையையும் நீட்டினாய். "நான்தான் சார். கலர்ல வெள்ளை எடுபடாதுன்னு தோணுச்சு."

நான் என் கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

ஷாட்டை எடுத்தார்கள். "நாளையிலிருந்து வராதே" என்று உன்னிடம் சொன்னார்கள். அப்புறம் ஊரே அந்தத் தங்கக் கவுனைப் பற்றித்தான் பேசியது. நீ வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று வந்தேன். "உன் ஊட்டுக்காரர் முதல்ல எழுந்து நடக்கட்டும்" என்றாய். ஆறே மாதத்தில் அவர் நடந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் கேட்கவில்லை. போன தை மாதம் நீ கண்ணை மூடிவிட்டாய்.

இன்று வீடு திரும்பும்போது, உன்னைச் சித்தி என்றே கூப்பிட்டு வளர்ந்த மகள் சொன்னாள்: "அந்தத் தங்கக் கவுன்தாம்மா சூப்பர். சித்தி ஏன் அதோட வேலையை விட்டாங்க?"

நடுரோட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையையே பார்த்தாள்.

"சித்திகிட்ட மன்னிப்புக் கேட்டியாம்மா?"

உன்னிடம் கேட்கவில்லையடி, தோழி. இப்போது கேட்கிறேன்.