கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி

அண்ணே, வியாழக்கிழமை காலை அலுவலகத்தில் ஒரு புதுப் பேனாவைப் பிரித்தேன். மை வருகிறதா என்று பார்க்கப் பழைய கடித உறையின் பின்பக்கத்தில் எதையோ கிறுக்கினேன். கிறுக்கிய பிறகுதான் கவனித்தேன், அது என் பெயர் இல்லை. ‘மு’ என்று ஓர் எழுத்து, அதன் சுழியை இழுத்து ஒரு நீளக் கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. உங்கள் கையெழுத்து. நீங்கள் போய் மூன்று வருடம் ஆகப் போகிறது.

உறைக்குப் பக்கத்திலேயே, வழக்கறிஞராகச் சேர்வதற்கான என்னுடைய சத்தியப் பிரமாணப் பத்திரம் இருந்தது. ஜொகூர் பாருவில் ஒரு சின்ன வழக்கறிஞர் அலுவலகத்தில் என் சேம்பரிங் பயிற்சி இந்த மாதத்தோடு முடிகிறது. திங்கட்கிழமை சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் நின்று அந்தப் பத்திரத்தில் நான் கையெழுத்திட வேண்டும். நான் நன்னடத்தை உள்ளவள் என்று அதன் நான்காம் பத்தி சொல்கிறது. அதைப் படித்தேன், உறையைப் பார்த்தேன், மறுபடி படித்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

நீங்கள் முதல் நாள் வகுப்பில் போட்ட கையெழுத்து எனக்கு நினைவிருக்கிறது. வருகைத் தாள் என்னைத் தாண்டி உங்களிடம் வந்தது. மற்ற பதினெட்டுப் பேரும் ஆங்கிலத்தில் கிறுக்கியிருக்க, நீங்கள் தமிழில் போட்டீர்கள். விரிவுரையாளர் தாளை உயர்த்திப் பிடித்து, இது என்ன, ஜாவி எழுத்தா என்று கேட்டார். நீங்கள் எழுந்து ஆங்கிலத்தில் பணிவாக விளக்கிவிட்டு, உட்காரும்போது என் பக்கம் குனிந்து, “எஸ்டேட் ஸ்கூல்ல ஆறாங்கிளாஸ்ல போட்டது. இன்னும் ரின்யூ பண்ணல லா” என்றீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து நான் உங்களுக்கு லாயரம்மா, நீங்கள் எனக்கு அண்ணே.

வகுப்பிலேயே மூத்தவர் நீங்கள்தான். கூலாயில் ஒரு வழக்கறிஞரிடம் பதிமூன்று வருடம் கிளார்க்காக இருந்துவிட்டு முப்பத்தாறு வயதில் சட்டம் படிக்க வந்தவர். “எத்தன லாயருக்கு டிராஃப்ட் அடிச்சுக் குடுத்திருக்கேன், ஒரு தடவ என் பேர்ல அடிச்சுப் பாக்கணும்” என்பீர்கள். மாலை வகுப்பு என்பதால்தான் உங்களுக்கு அது முடிந்தது. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வருவீர்கள். என் குறிப்புகளை வாங்கி நகல் எடுப்பீர்கள். எனக்கு வாய் வரைக்கும் வந்து நிற்கும் கேள்வியை நீங்கள் எழுந்து கேட்டுவிட்டு, “இந்தப் பொண்ணுக்கு டவுட்டாம்” என்று என்னை மாட்டிவிடுவீர்கள்.

மூன்றாம் ஆண்டு தொடங்கியபோது கல்லூரி கைமாறியது. புதிய நிர்வாகத்துக்குச் சட்டப் பிரிவு வேண்டாத பிள்ளை. புதிய மாணவர்களைச் சேர்க்க மாட்டோம், நீங்கள்தான் கடைசி, இந்த வருடத்தோடு மூடுகிறோம் என்று ஒரு கூட்டம் போட்டுச் சொன்னார்கள். பழைய கட்டடத்தை விட்டுக் கடைவீடுகளின் மாடிக்கு நம்மை மாற்றினார்கள். லிஃப்ட் ஓடவில்லை. அலுவலகம் கீழே, வகுப்பு நான்காவது மாடியில். நூலகப் புத்தகங்கள் மினரல் வாட்டர் பெட்டிகளில் வந்து இறங்கின, கடைசி வரை யாரும் அவற்றை அடுக்கவில்லை. மாலையில் பாடம் எடுத்தவர்கள் ஒவ்வொருவராக விலகியதால் வகுப்பைக் காலைக்கு மாற்றினார்கள். உங்கள் முதலாளி காலையில் விட மாட்டேன் என்றார். பதினைந்து வருட வேலையை விட்டுவிட்டுச் செனாயில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டுக்குப் போனீர்கள்.

அதோடு வருகை விதியும் வந்தது. எண்பது விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாது. இந்த வருடம் எழுதாதவர்கள் கோலாலம்பூருக்கு மாறிப் போய்ப் படிக்கலாம் என்றார்கள். மற்றவர்களுக்கு அது தொல்லை. மனைவியும் ஏழு வயது மகளும் கூலாயில் இருக்க, உங்களுக்கு அது முடிவு. நீங்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அறிவிப்புத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள்.

ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடுவதை நாம் ஆரம்பிக்கவில்லை. அந்த வருடம் எல்லாரும் செய்தார்கள். சட்டம் படிக்கிறவர்கள், கூசாமல் செய்தோம். ஆனால் உங்கள் கையெழுத்து மட்டும் யாருக்கும் வரவில்லை. மலாய், சீன நண்பர்கள் ‘மு’ எழுதினால் அது முட்டையும் கொக்கியுமாக இருக்கும். தமிழ் தெரிந்தவள் வகுப்பில் நான் ஒருத்திதான்.

கீழே மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒருநாள் பில்லின் பின்னால் நீங்கள் ஒன்று போட, பக்கத்தில் நான் ஒன்று போட்டேன். பில்லைச் சுழற்றிவிட்டு, “எது உங்களோடது, சொல்லுங்க” என்றேன். நீங்கள் நெடுநேரம் பார்த்துவிட்டு என்னுடையதைத் தொட்டீர்கள். “அலமாக், எனக்கே தெரியலயே” என்றீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெட்கக்கேடு, இப்போதும் அந்தப் பெருமை அப்படியே நினைவிருக்கிறது.

அன்று நீங்கள் ஒரு நிபந்தனையும் போட்டீர்கள். “நான் மெசேஜ் அனுப்பினாதான் நீ போடணும். நான் கேக்காம போடக்கூடாது. ஒரு எடத்துல சைன் இருந்தா ஆள் அங்க நின்னான்னு அர்த்தம், லாயரம்மா. அதுல விளையாடக்கூடாது.” விளையாடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சொல்கிறீர்களே என்று கேலி செய்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் நீங்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிப்போனீர்கள், மெசேஜ் அனுப்பவும் இல்லை. நான் போடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அந்த ஒரு நாளோடு உங்கள் கணக்கு விளிம்புக்கு வந்துவிட்டது, இன்னும் ஒரு நாள் போனால் தேர்வு இல்லை. மறுநாள் நான்காவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரு கை காலணியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தது. அதைப் பார்த்தபோதே நான் மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ஒன்பது மணிக்கு வருகைத் தாள் வந்தது. உங்களிடமிருந்து மெசேஜ் இல்லை. ஒரு முறை அழைத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. தூங்குகிறார், பாவம் என்று நினைத்தேன். நீங்கள் கேட்காத கையெழுத்தைப் போட்டேன். கோடு நன்றாக வந்ததாகக்கூட நினைத்தேன். ஒன்பதே காலுக்குத் தாள் கீழே அலுவலகத்துக்குப் போய்விட்டது.

அந்த நேரத்தில் கூலாயில் நடந்ததை நான் பிறகுதான் அறிந்தேன். ஏழரைக்குள் வீடு வந்து, சட்டை மாற்றி, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்புவது உங்கள் வழக்கம். அன்று வரவில்லை. அண்ணி உங்கள் போனுக்கு அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்பதரைக்குக் கல்லூரிக்கு அழைத்தார். எடுத்தது காக் ரோஸ். ஆள் குறைப்புக்குப் பிறகு அலுவலகத்தில் மிஞ்சிய ஒரே கிளார்க், நம் எல்லாருக்கும் தேநீர் கலக்கிக் கொடுக்கும் மலாய்க்கார அக்கா. முழங்கால் வலிக்காரர் நான்கு மாடி ஏறவா முடியும். மேசையில் இருந்த தாளைப் பார்த்தார். “டியா அடா, சுடா சைன்” என்றார். இருக்கிறார், கையெழுத்துப் போட்டுவிட்டார். அண்ணிக்கு மூச்சு வந்தது. மழைக்குப் பயந்து நேராக வகுப்புக்குப் போய்விட்டார் போல என்று நினைத்து, மகளின் துணிகளை மடிக்கப் போனார்.

நீங்கள் அப்போது செம்பனைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில், வாய்க்காலுக்குள், மோட்டார் சைக்கிளுக்கு அடியில் கிடந்தீர்கள். நெரிசலுக்குப் பயந்து நீங்கள் அந்தச் செம்மண் வழியில் போவது அண்ணிக்குத் தெரியும், அவருடைய தம்பிக்கும் தெரியும். தேடியிருந்தால் முதலில் அங்கேதான் போயிருப்பார்கள். யாரும் தேடவில்லை. மதியம் ஒன்றரைக்குக் குலை வெட்ட வந்தவர் பார்த்தார். விழுந்ததும் உயிர் போகவில்லை, சில மணி நேரம் இருந்திருக்கிறது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அண்ணியின் தம்பி கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபமும் உண்டு அண்ணே. அந்த மழையில் அந்த வழியில் எதற்குப் போனீர்கள்? இதைக் கேட்க எனக்கு வாய் இல்லை என்று தெரிந்தே கேட்கிறேன்.

இழவு வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கிளாஸ்ல இருக்காருன்னு சொன்னாங்களேம்மா” என்றார். அவர் பிடித்திருந்தது என் வலது கை. நான் அழுதேன். அழுகிறவளை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒரு வாரம் கழித்து நிர்வாகம் நம் வகுப்பைக் கூப்பிட்டு, அந்தக் கையெழுத்தைப் போட்டது யார் என்று கேட்டது. பதினெட்டுப் பேர். தமிழ் எழுதத் தெரிந்தவள் யார் என்று பதினேழு பேருக்கும் தெரியும். என்னைக் காப்பாற்றியது அன்பு இல்லை, அவரவர் போட்ட கையெழுத்துகளின் பயம். யாரும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. சரிபார்க்காமல் தகவல் சொன்னதற்காகக் காக் ரோஸை அந்த மாதத்தோடு அனுப்பிவிட்டார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு தேர்வு எழுதினோம். நன்றாகவே தேறினேன். சட்டப் பிரிவின் பெயர்ப் பலகையைக் கழற்றிய இடத்தில் நான்கு ஆணி ஓட்டைகள் மிச்சமிருந்தன.

நேற்று, சனிக்கிழமை, கூலாய்க்குப் போனேன். உங்கள் மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள், இப்போது ஐந்தாம் ஆண்டு. அண்ணி எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வழக்கறிஞராகப் போகிற செய்தியைச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து, “அவரு இருந்தா தெருவெல்லாம் சொல்லியிருப்பாரு” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன் என்பதை இரண்டு முறை சொன்னேன்.

அண்ணி என் மைலோக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, “காக் ரோஸ் ஒவ்வொரு தீபாவளிக்கும் வருவாங்க, தெரியுமா?” என்றார். “பொந்தியான்லேருந்து பஸ் ஏறி வருவாங்க. என் வாயாலதான் இப்படி ஆச்சுன்னு அழுவாங்க. நானும் மனசுக்குள்ள ஆமான்னுதான் நெனச்சேன். மூணு வருஷமா அவங்களுக்கு நல்லா மொகம் குடுத்துப் பேசல.”

“நான் போய்ச் சொல்றேன், அண்ணி.”

“சொல்லு. மொதல்ல அத செய்யி.” எழுந்து போய் மகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்து என் முன்னால் வைத்தார். “இப்ப போட்டுக் காட்டு.”

போட்டேன். பழகிய கை. அண்ணி தாளை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“இது அவரு இல்ல” என்றார்.

உள்ளே போய் மகளின் ஒன்றாம் ஆண்டு ரிப்போர்ட் புக்கை எடுத்து வந்து பக்கத்தில் விரித்து வைத்தார். “பாரு. அவரு கோடு கடைசில கீழ எறங்கும். நீ மேல தூக்குற.” பார்த்தேன். இறங்கியிருந்தது. ஒரு வருடம் பழகியும் என் கண்ணில் படாத இறக்கம்.

“எங்களுக்கே வித்தியாசம் தெரியல அண்ணி. ஒரு தடவ அண்ணனே என்னோடதத்தான் தன்னோடதுன்னு சொன்னாரு.”

“அவருக்குத் தெரியாமயா இருக்கும்? லாயர் ஆபீஸ்ல பதினஞ்சு வருஷம் கையெழுத்தத்தான பாத்தாரு. சின்னப் பொண்ணு சந்தோஷப்படட்டும்னு சொல்லியிருப்பாரு.” ரிப்போர்ட் புக்கை மூடினார். “அன்னிக்கு அந்தத் தாள ஒரு போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பியிருந்தா போதும். பாத்த ஒடனே என் தம்பிய அனுப்பியிருப்பேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது அந்தத் தாளைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். “எடுத்துட்டுப் போ. இது இந்த வீட்டுல வேணாம்.”

தாள் என் கைப்பையில் இருக்கிறது, சத்தியப் பிரமாணப் பத்திரத்தோடு. ஆணையரிடம் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டேன். நான் செய்ததைச் சொல்லும் ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். அதைச் சேர்த்தால் என்னை வழக்கறிஞராக ஏற்பார்களா என்று தெரியாது. நாளை காலை முதல் பேருந்தில் பொந்தியான் போகிறேன். காக் ரோஸ் அங்கே ஒரு பள்ளிக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறாராம். மலாயில் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று நேற்றிலிருந்து யோசித்தும் ஒன்றும் அமையவில்லை.

இதை எழுதும்போது ஓரத்தில் உங்கள் கையெழுத்தை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன் அண்ணே, இந்த முறை கோட்டைக் கீழே இறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே. பிறகு மறுபடியும். பதினொரு முறை போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் கை மேலேதான் போகிறது.