காதுத் தோட்டைத் தொட்டால் ஓடு

ஜூன் 3, 2009, புதன்

மழை. வால்தம்ஸ்டோ மைதானம் முழுக்கச் சேறு. பிள்ளைகளை உள்மண்டபத்துக்குள் கூட்டிப்போய் ஓடவிட்டேன். ஒரு கண்ணாடியும் உடையவில்லை. இந்த அணிக்கு அதுவே ஒரு வெற்றி.

கல்லூரிச் சஞ்சிகைக்குப் பேட்டி எடுக்க ஒரு பெண் வந்தாள். ஏழு வருடமாகத் தலைமைப் பயிற்சியாளர், ஐந்து கிண்ணம், எப்படிச் சாதித்தீர்கள் என்றாள். கடின உழைப்பு என்றேன். வேறு என்ன சொல்ல? யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் எல்லே, எங்கள் ஊர் மட்டைப்பந்து, அடித்தவள், அகதியாக ஹொலண்டுக்குப் போய், ஹார்லம் நகரத்தில் பெண்கள் சொஃப்ட்போல் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்து, 'இது எங்கட எல்லேதானே' என்று உள்ளே போய் மட்டையைக் கேட்டவள் என்றா? பாதியில் பேனாவை மூடியிருப்பாள்.

ஓடுகிற பிள்ளை வந்து நிற்கிற மூன்றாம் பேஸ் ஓரத்தில் நின்று காட்டும் சைகைகளை எங்கே கற்றீர்கள் என்றும் கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன். அவை எங்கேயும் கற்றவை அல்ல. நானும் இவரும் கலியாணம் முடித்த புதிதில், பிறர் வீட்டுக்குப் போகும்போது எங்களுக்குள் வைத்துக்கொண்டவை. நான் காதுத் தோட்டைத் தொட்டால், எழும்புங்கோ, போவம். காப்பைத் திருப்பினால், மெல்லக் கதையுங்கோ. தாலிக்கொடியைப் பிடித்தால், போதும், இனிக் குடிக்கவேண்டாம். எதிரே இருக்கும் வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்காது. மைதானத்தில் தோடு என்றால் அடுத்த பேஸுக்கு ஓடு. காப்பு என்றால் பந்தை மெல்லத் தட்டி முன்னால் விழுத்து. கொடி என்றால் அடிக்காமல் நில். ஏழு வருடமாக எந்த அணியாலும் பிடிக்க முடியவில்லை. ஒரு பெண்பிள்ளை தோட்டைத் தொடுவதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

எங்கள் கேச்சர் பிரசாந்தினி, மட்டைக்காரிக்குப் பின்னால் இருந்து, இன்று நன்றாகப் பந்து பிடித்தாள். ஊரில் போரை நிறுத்தச் சொல்லி ஏப்ரல், மே முழுக்க அவள் பாராளுமன்றச் சதுக்கத்தில்தான் நின்றாள். நானும் நின்றேன். எல்லாம் முடிந்தபிறகு ஆளுக்கு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். அவள் கேச்சர் கையுறையைப் பிடித்திருக்கிறாள்.

சனிக்கிழமை தோர்ண்டன் ஹீத் அணியோடு ஆட்டம். புதிய அணி. பயமில்லை.

ஜூன் 6, சனி

9–1. நாங்கள் ஒன்று.

நான் காப்பைத் திருப்பியதும் அவர்களின் மூன்றாம் பேஸ்காரி ஓடி முன்னுக்கு வந்து நிற்கிறாள். தோட்டைத் தொட்டதும் அவர்களின் பந்தெறிகிற பிள்ளை மயூரா பந்தை மட்டைக்கு எட்டாமல் வெளியே வீசுகிறாள், கேச்சர் எழுந்து நின்றே இரண்டாம் பேஸுக்கு அனுப்புகிறாள். எங்கள் பிள்ளை பாதி வழியில் அவுட். ஒரு தரம் என்றால் தற்செயல். ஆட்டம் முழுக்க அப்படியே. கடைசியில் மூக்குக் கடித்தபோதுகூடச் சொறியப் பயந்து நின்றேன்.

இவர் வழக்கம்போல மடக்குக் கதிரையும் தேத்தண்ணி பிளாஸ்குமாக வந்திருந்தார். எதிர்ப்பக்கத்துத் தகப்பன் ஒருவருக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது காரில் ஒரு சொல் பேசவில்லை. என் மனம் அறிந்து பேசாமல் வருகிறார் என்று நினைத்தேன்.

ஜூன் 7, ஞாயிறு

யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யார்?

ஜூன் 10, புதன்

ஆட்டம் முடிந்த கையோடு பிரசாந்தினியும் அந்த மயூராவும் கட்டிப்பிடித்து நின்றதை நான் கண்டேன். மறக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. இன்று பயிற்சிக்கு முன் தனியே கூப்பிட்டேன்.

"மயூராவோட என்ன கதைச்சனி?"

"டான்ஸ் கிளாஸ் பற்றி, அன்ரி. நாங்கள் சின்னனிலயிருந்து ஒண்டாப் படிக்கிறம்."

"எங்கட சைகை எப்பிடி அவளுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியாது அன்ரி. ப்ராமிஸ்."

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். பொய் சொல்கிறவர்களும் கண்ணைப் பார்ப்பார்கள். பந்து வீசுகிறவளுக்குச் சைகை கொடுப்பதே கேச்சர்தான். அணியில் எல்லாச் சைகையும் தலைகீழாகத் தெரிந்தவள் இவள்தான். கையுறையை மாற்றுக் கேச்சர் மெர்சியிடம் கொடு என்றேன். கொடுத்தாள். அழவில்லை. வாரைச் சரியாக மடித்து, பூட்டி, மெர்சியின் கையில் வைத்தாள்.

எவ்வளவு நம்பினேன் அவளை! என் வீட்டில் இருந்து சோறு தின்ற பிள்ளை.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "அவளைத் தவிர வேற ஆருக்குத் தெரியும்? சொல்லுங்கோ பாப்பம்" என்றேன். கீரையைக் குழைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கென்ன தெரியும். நீர்தானே கோச்" என்றார்.

ஜூன் 12, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை இளையோர் தேசிய அணிக்குத் தெரிவு. எங்கள் கல்லூரிக்கு ஒரே ஒரு இடம். மூன்று மாதமாக அந்த இடத்தில் பிரசாந்தினி இருந்தாள். அடுத்த வருடம் அவளுக்கு வயது கடந்துவிடும். இன்று போனில் கேட்டார்கள்.

மெர்சி என்றேன்.

சரியான வேலைதான் செய்தேன். துரோகத்துக்குப் பரிசு கொடுக்க ஏலாது.

ஜூன் 13, சனி

ரொம்ஃபர்ட் அணியோடு 5–4. இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அங்கேயும் தோர்ண்டன் ஹீத்தான் வரப்போகிறது. பிரசாந்தினி வரவில்லை. யாரும் அவளைப் பற்றிக் கேட்கவுமில்லை; என் முகம் அப்படி இருந்திருக்கும்.

ஜூன் 20, சனி

இல்ஃபர்ட் மண்டபத்தில் கலியாண வரவேற்பு. ஏப்ரலில் நடக்கவேண்டியது, நாட்டு நிலைமையால் தள்ளிப்போட்டது. பாட்டு வைக்கவில்லை. சாப்பாடு மட்டும்.

கை கழுவிவிட்டு வருகிறேன். ஆண்களின் மேசையில் ஒரே சிரிப்பு. இப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் என்று நானும் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

நடுவில் இவர் நிற்கிறார். சால்வையை மாராப்பாகப் போட்டு, இடுப்பை ஒடித்து, உதட்டைக் கூட்டி – நான்! காதைத் தொட்டு, "தோட்டைத் தொட்டால் ஓடு!" கையைத் திருப்பி, "காப்பைத் திருப்பினால் மெல்லத் தட்டு!" கழுத்தைப் பிடித்து, "கொடியைப் பிடிச்சால் அசையாதை! பெட்டையளுக்கும் அதுதான், எனக்கும் அதுதான்!" மேசையில் கை அடித்துச் சிரிக்கிறார்கள். "அண்ணை, அந்த ஓடுறதை இன்னொருக்கா" என்று ஒருவன் கேட்கிறான். அவரும் செய்கிறார்.

பக்கத்தில் சுலோச்சனா நின்றாள், குட்மேய்ஸ் அம்பலவாணரின் மனைவி. நான் நின்ற நிலையைப் பார்த்து அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"உமக்குத் தெரியாதே, கலாவதி? எல்லா விசேஷத்திலயும் செய்யிறவர்தானே. போன ஆவணியில தோர்ண்டன் ஹீத் கலியாண வீட்டில பாஸ்கரன் போனில வீடியோப் படமே எடுத்தவர்."

பாஸ்கரன். மயூராவின் தகப்பன். பிளாஸ்குத் தேத்தண்ணி குடித்தவர்.

தோட்டைத் தொட்டேன். பழக்கத்தில் கை போய்விட்டது. இவர் உடனே ஆட்டத்தை நிறுத்தி, சால்வையைச் சரிசெய்துகொண்டு வந்தார். "போவமே?" என்றார்.

ஜூன் 21, ஞாயிறு

காலைச் சாப்பாட்டில் கேட்டேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"எவ்வளவு காலமாச் செய்யிறியள்?"

"அது சும்மா பகிடிக்கு, கலா. சனம் சிரிக்கட்டுமெண்டு. நீர் ஒரு பெரிய ஆள் எண்டபடியால்தானே சிரிக்குதுகள்."

"பாஸ்கரன் படம் எடுக்கேக்க?"

"அவற்ர மகள் விளையாட வருவாள் எண்டு எனக்கென்ன தெரியும்?"

"எப்ப விளங்கினது?"

பாணுக்கு மாஜரின் பூசினார். ஒரு துண்டுக்கு எவ்வளவு பூசலாம்?

"எப்ப விளங்கினதெண்டு கேக்கிறன்."

"அண்டைக்கே. மைதானத்தில பாஸ்கரனைக் கண்டவுடன."

அப்படியானால் புதன்கிழமை நான் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது தெரியும். கீரையைக் குழைக்கும்போது தெரியும். வெள்ளிக்கிழமை நான் மெர்சி என்று சொன்னபோது பக்கத்து அறையில் இருந்தார், தெரியும். அதையே கேட்டேன். "ஒரு வசனம். ஒரேயொரு வசனம் சொல்லியிருந்தால் காணாதே?"

"நீர் கோவிப்பீர் எண்டு பயந்தனான்."

பயந்தாராம்! என் கோபத்துக்குப் பயந்து ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையை முன்னே தள்ளிவிட்டு ஒளிந்திருக்கிறார். பிறகு எழும்பிப் போகிற நேரத்தில் இன்னொன்றும் சொன்னார். "அது எங்கட வீட்டுச் சைகைதானே. உமக்கு மட்டும் சொந்தமே? நீர் அதைப் பிள்ளையளுக்குக் காட்டேக்க என்னைக் கேட்டனீரே?"

கேட்கவில்லை. உண்மைதான். ஆனால் நான் அதை வைத்து யாரையும் சிரிக்க வைக்கவில்லையே. இருபது வருடம் எத்தனை வீடுகளில், எத்தனை பேருக்கு நடுவில், அந்தத் தோட்டைத் தொட்டால் அவருக்கு மட்டும் விளங்கும் என்று ஒரு சின்னப் பெருமை எனக்கு இருந்தது. இப்போது யோசித்தால், எதிரே இருந்த அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள். எனக்கு மட்டும்தான் அது இரகசியம்.

அவமானமாக இருக்கிறது. அதைவிட, அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஜூன் 23, செவ்வாய்

பிரசாந்தினி வீட்டுக்குப் போனேன். தனியே.

தாய் ராஜி கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி வைத்தாள். பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வந்து கடைசிப் படியிலேயே இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். நான் பிழை விட்டிட்டன் என்றேன்.

"செலக்ஷன் முடிஞ்சுதே?"

"முடிஞ்சுது."

"மெர்சியை எடுத்திட்டினமே?"

"ஓம்."

தலையை ஆட்டினாள். "அவள் நல்லா விளையாடுவாள்" என்றாள். எனக்கு அங்கேயே காலில் விழலாம் போல் இருந்தது. திரும்பக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. மெர்சியிடம் பறித்துக் கொடுக்க முடியுமா?

ராஜிதான் பேசினாள். "என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பன் அக்கா. அண்ணை செய்து காட்டேக்க நானும் பாத்துச் சிரிச்சனான். உங்களுக்குத் தெரிஞ்சுதான் செய்யிறாரெண்டு நினைச்சம்."

ராஜியும்.

எழும்பும்போது பிரசாந்தினி சொன்னாள்: "ஃபைனல் விளையாடுறன். ஆனால் சைகை நான் வைக்கிறன். நீங்கள் பழையதையே காட்டிக்கொண்டு நில்லுங்கோ. அவையள் உங்களைத்தானே பாப்பினம்."

அவமதிப்பா, தந்திரமா? இரண்டும்தான். நல்ல கேச்சர் அப்படித்தான் இருப்பாள். சரி என்றேன்.

ஜூலை 4, சனி

6–3. ஆறாவது கிண்ணம்.

காப்பைத் திருப்பினேன்; மூன்றாம் பேஸ்காரி ஓடி முன்னுக்கு வந்தாள்; மெர்சி அவள் தலைக்கு மேலால் அடித்தாள். தோட்டைத் தொட்டேன், மயூரா பந்தை வெளியே வெளியே வீசி, எங்கள் பிள்ளைகளைச் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகவிட்டாள். மூன்றாவது தரம்தான் அவர்களின் பயிற்சியாளர் தலையில் கைவைத்தார். உண்மையான சைகை எங்கள் இருக்கை வரிசையில் பிரசாந்தினியின் கையில் இருந்தது. அவள் தண்ணீர்ப் போத்தலை எந்தக் கையில் வைத்திருக்கிறாள் என்பதுதான். எனக்கே முழுக்கச் சொல்லவில்லை.

இவர் வந்திருந்தார். வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மடக்குக் கதிரை, பிளாஸ்க். நான் கொடியைப் பிடிக்க, பிள்ளை விளாசி அடிக்க, இவர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். என் கையையும் ஆட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கிண்ணத்தோடு படம் எடுக்கும்போது பிரசாந்தினியை நடுவில் வரச் சொன்னேன். "ஓகே கோச்" என்றாள்.

இவ்வளவு காலமும் அன்ரி என்று கூப்பிட்ட பிள்ளை.

ஜூலை 5, ஞாயிறு

"நேற்றுக் கொடியைப் பிடிச்சனீர், அவள் அடிச்சிட்டாளே?" என்று இவர் கேட்டார். ஓம் என்றேன்.

அக்டோபர் 25, ஞாயிறு

மணிக்கூட்டை இன்று பின்னுக்கு வைத்தாயிற்று. ஐந்து மணிக்கே இருட்டு.

போன புதன்கிழமை மெர்சி தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்து, சீருடையைக் கொண்டுவந்து காட்டினாள். பிரசாந்தினியும் கல்லூரிக்கு வந்திருந்தாள். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், புதன்கிழமைகளில் வந்து கேச்சர் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுக்கிறாள். சீருடையைத் தடவிப் பார்த்து, துணி நல்லது என்றாள்.

இன்று பின்னேரம் அம்பலவாணர் வீட்டுக்குப் போயிருந்தோம். முறைக்குப் போகவேண்டிய இடம், தட்ட முடியவில்லை. அவர் வீட்டு வாடகை, கவுன்சில் வரி, கார் இன்ஷூரன்ஸ் என்று ஒன்று விடாமல் கதைத்தார். இவருக்கு எப்போதும் அங்கே அரைமணிக்கு மேல் இருக்கப் பிடிக்காது. முதல் தேத்தண்ணி முடிந்தது. வடையும் இரண்டாவது தேத்தண்ணியும் முடிந்தன. அம்பலவாணர் கூரை திருத்தின கதையைத் தொடங்கினார்.

இவர் என் காதைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டை. பிறகு கழுத்தை. பிறகு திரும்பவும் காதை.

என் இரண்டு கையும் மடியில் இருந்தன.

"இன்னொரு தேத்தண்ணி போடட்டே, அண்ணை?" என்று சுலோச்சனா கேட்டாள்.

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "ஓம், போடுங்கோ" என்றார்.